செர்டாங் ஆய்வேடுகளும் தோட்டத் தமிழர் வரலாறும்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் சான்று தேடிச் செல்லும் இடங்கள் இன்னவை என்று ஏறத்தாழ வரையறுத்துச் சொல்லிவிடலாம். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்வர். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்வர். 1924-ம் ஆண்டில் தோன்றி 2019-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற தாள்களின் பழைய கட்டுகளைத் தேடிப் புரட்டுவர். செர்டாங்குக்குச் செல்வோர் மிகச் சிலரே. அங்கிருப்பது வேளாண்மைக்கென எழுந்த நூலகம். மண், உரம், பூச்சி, களை ஆகியவை பற்றிய ஏடுகள் நிறைந்தது. வரலாற்று மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் தோட்டத் தமிழர் வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அந்த நூலகத்தில் மரத்தின் பெயராலும் பூச்சியின் பெயராலும் மறைந்து கிடக்கிறது என்பதே இங்கு நாம் காட்ட விரும்புவது.

செர்டாங் தொலைவிலுள்ள ஊர் அன்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறித் தெற்கே சென்றால் காஜாங்குக்கு முந்திய நிலையம் அது. 1931-ம் ஆண்டு மே மாதம் 21-ம் நாள் அங்கே 22 ஏக்கர் நிலத்தில் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1947-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது மலாயா விவசாயக் கல்லூரி ஆயிற்று. 1971-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் நாள் அக்கல்லூரியும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் புலமும் இணைந்து மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1997-ம் ஆண்டில் அது புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. நூலகம் சுல்தான் அப்துல் சமாட் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்டவர் அவர். கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்கள் பரவியதும், காப்பி விலை வீழ்ந்தபின் ரப்பர் காலூன்றத் தொடங்கியதும், தென்னிந்தியத் தொழிலாளர் சிலாங்கூரில் வந்து இறங்கியதும் அவருடைய ஆட்சிக் காலத்திலேயே. நூலகத்துக்கு வைத்த பெயர் நம் நோக்கிலும் பொருத்தமானதே.

அந்த 1931-ம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் அது அதுவரை காணாத அடிமட்டத்தைத் தொட்டது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. 1930-க்கும் 1932-க்கும் இடையே இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். செர்டாங்கில் மாணவர்களை அமர்த்தி மரவளர்ப்பு கற்பிக்கத் தொடங்கிய அதே நாட்களில், மரத்தை வளர்த்தும் வெட்டியும் பழகிய கைகள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தன. இரண்டும் ஒரே சிலாங்கூரில், சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள் நிகழ்ந்தவை. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய நூல் அரிது.

இது அரிதாவதற்கு நூலக முறையும் ஒரு காரணம். பல்கலைக்கழகங்களில் பரவலாக வழங்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்து வகைப்பாட்டில் ரப்பர் மரமும் செம்பனையும் ‘எஸ்.பி.’ என்னும் பயிரியல் பிரிவில் அடங்கும். தொழிலாளர் நூல்கள் ‘எச்.டி.’ என்னும் பொருளியல் பிரிவுக்குப் போய்விடும். பார்மர் 1960-ம் ஆண்டில் வெளியிட்ட குடியேற்றக் காலத் தொழிலாளர் கொள்கை பற்றிய நூல், மலாயாவில் இந்தியர் பற்றிக் கெர்னியல் சிங் சந்து 1969-ம் ஆண்டில் எழுதியது, அடுத்த ஆண்டில் வந்த சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் முதலியவற்றைத் தொழிலாளர், குடியேற்றம், வரலாறு ஆகிய தட்டுகளில் காணலாம். மரம் ஒரு மாடியில், மரத்தை வெட்டியவன் மற்றொரு மாடியில்! இப்படிப் பிரித்து வைப்பதில் நூலகத்தார் குற்றம் ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறி இறங்கி இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர் நாமே.

இனி, இந்நூலகத்துப் புதுவரவுகளில் தலையாயவை எவை எனில், அப்பல்கலைக்கழகத்திலேயே எழுதப்பெற்று ஆண்டுதோறும் சேரும் முதுகலை, முனைவர் ஆய்வேடுகள். புலத்தைக் குறிக்கும் எழுத்து, ஆண்டு, வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஓர் ஆய்வேட்டின் குறியீடு. ‘எஃப்.பி.’ என்று தொடங்கினால் விவசாயப் புலத்தது என்று கொள்க. உள்ளே மலாய் மொழியில் ஒரு சுருக்கமும் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கமும் இருக்கும். செம்பனையின் அடித்தண்டு அழுகல், ரப்பரின் வேர் நோய், புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுதல், களைக்கொல்லியின் அளவு என்று பொருள்கள் விரியும். பலவற்றின் முழுப் பாடமும் இணையக் களஞ்சியத்தில் கிடைப்பதால், கிள்ளானில் உள்ள ஆசிரியர் வீட்டிலிருந்தே படிக்கலாம். படிக்கத் தெரிந்தால் என்று ஒரு நிபந்தனை உண்டு. இவ்வேடுகளில் வரலாறு குறியெழுத்துகளில் ஒளிந்து நிற்கிறது.

ரப்பர் பற்றிய ஏட்டைத் திறந்தால் ‘பி.பி. 260’, ‘பி.பி. 217’ என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவை ஒட்டுமர வகைகளின் பெயர்கள். ‘பி.பி.’ என்பது பிராங் பெசார் என்னும் தோட்டத்தின் முதலெழுத்துகள். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1921-ம் ஆண்டில் காஜாங்குக்கு அப்பால் காடழித்து அத்தோட்டத்தை ஏற்படுத்தினர். மலாய் மொழியில் ‘பெரும்போர்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அங்கே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘பி.பி. 86’ மலாயா எங்கும் பரவியது. அதனை ஜாவாவின் ‘ஜீர் 1’ என்பதோடு கலந்து கோலாலம்பூரின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உண்டாக்கியதே உலகப் புகழ்பெற்ற ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’. ‘பி.பி. 260’ மேற்கு ஆப்பிரிக்காவில்கூட இன்று பால் சுரக்கிறது.

இந்த வகையின் தாய்மண் இன்று எங்கே? 1995-ம் ஆண்டில் அங்கே புத்ராஜெயா நகரின் கட்டடப் பணி தொடங்கியது. பிராங் பெசாரோடு மேடிங்லி, காலோவே, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களும் நகருக்குள் அடங்கின. அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அந்த மாடிகளில் விரிசல் கண்டு மக்கள் பல ஆண்டு முறையிட்ட செய்தியைத் தமிழ்த் தாள்கள் படிப்போர் அறிவர். ஆய்வேட்டில் ‘பி.பி.’ என்ற ஈரெழுத்து மட்டும் எஞ்சி நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘ஆர்.ஆர்.ஐ.ஐ. 105’ என்ற வகை கன்னியாகுமரி மாவட்டத்திலும் நடப்படுகிறது. அதன் பெற்றோருள் ஒன்று மேற்சொன்ன ‘ஜீர் 1’, மற்றொன்று ‘ஜி.எல். 1’, அதாவது மலாயாவின் கிளென்ஷீல் தோட்டத்து மரம். குலசேகரம் பக்கம் விடியற்காலையில் மரம் வெட்டும் ஒருவர், கடல் கடந்து சென்ற தம் ஊரார் மலாயாவில் வெட்டிய மரத்தின் கிளைவழியைத் தாமறியாமலே வெட்டிக்கொண்டிருத்தல் கூடும். இலக்கியத் தொடர்புகளைப் பற்றி எத்தனையோ எழுதுகிறோம். இந்த மரத்தொடர்பையும் எழுதலாம்.

நல்ல மரம் இன்னது என்று எவ்வாறு கண்டனர்? ஒவ்வொரு மரமும் தரும் பாலைத் தனித்தனியே அளந்து கண்டனர். சோதனைத் திட்டில் மரம் வெட்டுபவர், மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிக் கலந்துவிடாமல், அதே மங்கில் அமிலம் விட்டு உறைய வைப்பார். உறைந்த கட்டியை அந்தந்த மரத்திலேயே கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார். மாத முடிவில் அவற்றை எடுத்து உலர்த்தி நிறுப்பர். ஆயிரக்கணக்கான மரங்கள், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில்! அட்டவணையில் ஒரு மரத்துக்கு நேரே நிற்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு கையால் கோக்கப்பட்ட கட்டிகளின் எடை என்பதை மறக்கலாகாது. வெட்டுபவரின் கைத்திறனுக்கேற்ப விளைச்சல் மாறும் என்பதை ஆராய்ச்சியாளர் நன்கு அறிவர். அதனாலேயே ஆட்களைத் திட்டுக்குத் திட்டு மாற்றி விட்டு, அந்த வேற்றுமையைக் கணக்கிலிருந்து நீக்க முயல்வதும் உண்டு. விஞ்ஞானத்துக்கு அது சரியான முறையே. வரலாற்றுக்கோ, நீக்கப்பட்ட அந்த வேற்றுமைதான் வேண்டியது. ஒருவர் கை மற்றொருவர் கையைவிட மிகுதியான பால் எடுத்தது என்றால், அங்கே ஒரு கல்வி இருந்தது. தாய் மகளுக்கும் அண்ணன் தம்பிக்கும் உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கல்வி அது.

மற்றொரு குறியெழுத்தைக் காண்போம். ‘எஸ்/2 டி/2’ என்று ஆய்வேடுகளில் வரும். மரத்தின் சுற்றளவில் பாதிக்குச் சரிவாக வெட்டுவது முதற் பகுதி. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது இரண்டாம் பகுதி. பிற்கால ஏடுகளில் இது ‘டி/3’, ‘டி/4’ என மாறும். அதாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை. பால் குறையாதிருக்க எத்தெஃபோன் என்னும் மருந்தைப் பட்டையில் பூசுவர். பயிர்நூலார் இதனை மரத்தின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சியாகவே எழுதுவர். நாமோ சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரங்களை ஒரு கூறு என்று கொண்டால், பன்னிரண்டு கூறு மரங்களுக்கு இரண்டு நாள் முறையில் ஆறு பேர் வேண்டும். மூன்று நாள் முறையில் நால்வர் போதும். நான்கு நாள் முறையில் மூவர். ‘டி’ என்ற எழுத்தின் கீழ் எண் ஏறும்போதெல்லாம் லயத்தில் வீடுகள் குறைகின்றன. ஆட்கள் குறைந்ததால் முறை மாறிற்றா, முறை மாறியதால் ஆட்கள் குறைந்தனரா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று உந்தின என்றே சொல்லவேண்டும். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகவும், சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாகவும் உருமாறிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இளைஞர்கள் ஆலைகளை நாடிச் சென்றனர். பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்ற கொடுமையோ அதற்கும் முந்தியது. அதுபற்றி உங்கு அசீஸ் நடத்திய விரிவான ஆராய்ச்சி 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. தோட்டத் தமிழர் வரலாறு படிக்கும் எவரும் அதை ஒதுக்கலாகாது.

செம்பனைக்கு வருவோம். மலாயாவில் வாணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917-ம் ஆண்டில், கோலசிலாங்கூர் வட்டாரத்தில். பயிரிட்டவர் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ம் ஆண்டில் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம்! செம்பனையின் மலேசிய வரலாறு ஒரு தமிழ்ச் சொல்லில் தொடங்குகிறது என்பதைப் பாடநூல்களில் காண்பது அரிது.

இப்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலைகளாக வரும். மலாயாவில் மகரந்தம் சரியாகப் பரவவில்லை; ஆகவே மகரந்தத்தைத் திரட்டி, முகத்தூள் போன்ற வெண்பொடியில் கலந்து, பெண் பூக்குலைகளில் ஆள் வைத்து ஊதச் செய்தனர். தோட்டங்களில் அது ஒரு தனி வேலையாக இருந்தது. 1981-ம் ஆண்டில் கேமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு வண்டு அவ்வேலையைத் தன் மேல் ஏற்றுக்கொண்டது. பயிர்நூல் வரலாற்றில் இது பெரும் வெற்றி, ஐயமில்லை. அந்த வண்டைப் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் எழுந்தன. வண்டு வருமுன் அவ்வேலையைச் செய்தவர்களைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு அகப்பட்டாலும் நன்றே.

களைக்கொல்லியின் கதை இதனினும் கசப்பானது. பாராகுவாட் என்னும் நஞ்சை ஏக்கருக்கு எத்தனை அளவு தெளித்தால் எந்தக் களை எத்தனை நாளில் மடியும் என்பதற்கு அட்டவணைகள் உண்டு. முதுகில் தொட்டி சுமந்து தெளித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். மலேசிய அரசு 2002-ம் ஆண்டில் அதனைத் தடுக்க முற்பட்டது. 2006-ம் ஆண்டில் தடையைத் தளர்த்தியது. 2020-ம் ஆண்டு முதற்கொண்டே முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த தெளிப்புச் சோதனைகளையும், அதே ஆண்டுகளில் பெண்கள் அமைப்புகள் திரட்டிய வாக்குமூலங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒன்று மற்றொன்றுக்கு உரையாக அமையும்.

இவ்வளவு அறிவும் தமிழில் வராமற்போனது ஏன்? கோயம்புத்தூரோடு ஒப்பிட்டால் காரணம் புலப்படும். சைதாப்பேட்டையில் 1868-ம் ஆண்டில் தோன்றி 1906-ம் ஆண்டில் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்த விவசாயப் பள்ளியின் வழிவந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதுவும் 1971-ம் ஆண்டில், செர்டாங்குக்கு நான்கு திங்கள் முன்னதாக எழுந்ததே. அங்கும் ஆய்வேடுகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் முடிவுகள் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ போன்ற இதழ் வழியாகத் தமிழில் உழவரை அடைகின்றன. நிலம் உழவருடையது, ஆகவே அவருக்குச் சொல்லியாக வேண்டும். மலாயாவிலோ தமிழர் உழைத்த நிலம் தமிழருடையதன்று. நிலமில்லாதவனுக்கு அறிவுரை எதற்கு, ஆணை போதும் என்று கருதிவிட்டனர். துரைமார் தமிழ் பயிலாமலும் இல்லை. இலங்கையில் அச்சான ‘இங்கே வா’ என்னும் கையடக்க நூலும், வெல்ஸ் என்பார் 1915-ம் ஆண்டில் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்னும் நூலும் அவர்களுக்காகவே எழுந்தவை. தலைப்பே ஏவல் வினை! தோட்டத்து அறிவு மேலிருந்து கீழே ஏவலாக இறங்கியது. கீழிருந்து மேலே போனபோது எடையும் எண்ணுமாகப் போயிற்று.

எனினும் தொழிலாளரிடம் சொல் இல்லாமல் இல்லை. அவர்கள் தமக்கென ஒரு கலைச்சொல் தொகுதியையே ஆக்கிக்கொண்டனர். ரப்பரைப் பால்மரம் என்றனர். தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்று பெயர்க்கப்படுவதை இங்கே செம்பனை என்றனர். காதுக்கும் கண்ணுக்கும் இனிய பெயர். காண்டா வாளி என்பதன் முற்பகுதி, காவடி போலத் தோளில் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மங்கு என்பது கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் சிதைவா, பீங்கான் தட்டைக் குறித்து நம் நாட்டில் வழங்கும் மங்குதானா என்பது ஆராயத்தக்கது. காலைக் கூட்டமாகிய பெரட்டு ஆங்கிலப் ‘பரேட்’டின் திரிபு. மரவரிசைக்கு நிரை என்று பெயர். நேரசை, நிரையசை என்று வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், அச்சொல் தோட்டத்தில் உயிரோடு உலவியதை மாணவருக்குச் சொன்னால் யாப்பும் சற்றுச் சுவைக்கும். பட்டையில் காய்ந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்பர். அதே சொல் கன்னியாகுமரியிலும் கேரளத்துச் சந்தைகளிலும் வழங்குகிறது. இப்படி இரு கரையிலும் பொதுவாக நிற்கும் சொற்கள் எவை, இங்கே மட்டும் பிறந்தவை எவை என்று பிரித்தறிந்தால், எந்த ஊரார் எங்கே தொழில் கற்றனர் என்பதற்கே ஒரு தடயம் கிடைக்கும்.

இதற்குப் பெரிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஆய்வேட்டில் ‘பொருள்களும் முறைகளும்’ என்ற இயலை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மரத்தின் வகை, நட்ட ஆண்டு, வெட்டிய முறை, தோட்டத்தின் பெயர் எல்லாம் அங்கே கிடைக்கும். தோட்டத்தின் பெயரை வைத்து, அங்கிருந்தவர் இப்போது கிள்ளானிலோ பந்திங்கிலோ எங்கே குடியிருக்கின்றனர் என்று தேடுவது அவ்வளவு அரிதன்று. மாணவரின் பாட்டிமாரே பலர். எடுத்துக்காட்டாக, வெட்டு மிகுந்த மரம் திடீரெனப் பால் மறுத்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதனை ஆய்வேடுகள் வெட்டுப்பட்டை வறட்சி என்ற பொருள்பட வழங்கும். கேரளத்தார் பட்டமரப்பு என்பர். அதற்குக் கிள்ளான் தோட்டங்களில் வழங்கிய சொல்லை, மரம் வெட்டிய முதியவர் ஒருவரிடம் கேட்டு, ஏட்டுச் சொல்லுக்கு எதிரே எழுதுவது ஒரு பிற்பகல் வேலை.